சீர் வண்டிக்குப் பின்னால்

“ஹலோ... ஹலோ... அண்ணே, டிராக்டர் நம்பருங்களா இது? ... ஆமாங்க, ஆமாங்க... இல்லண்ணே, வாடகைக்குக் கேக்கல... உழுகவும் இல்ல, மண்ணு அடிக்கவும் இல்ல, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. ஒங்க வண்டிக்குப் பின்னாடி வந்துக்கிட்டு இருக்கோம்... பின்னாடின்னா பின்னாடிதாண்ணே! டிரெயிலர் பலகையில நம்பர் எழுதிப் போட்டிருக்கீங்கள்ல, அதப் பாத்துத்தான் அடிக்கிறேன்.”

ரஞ்சிதா ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதை விரலால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பயனில்லை. பக்கத்தில் ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் பிரவீன்குமார் ஹாரனிலிருந்து கையை எடுப்பதாக இல்லை. முன்னால் போன டிராக்டரில் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டி அந்த ஹாரனையும் விழுங்கிவிடுகிற சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. டிராக்டர் இழுத்துப்போன டிரெயிலரில் பீரோ, கட்டில், சுருட்டிக் கட்டிய மெத்தை, போர்வை போர்த்திய டிரெஸ்ஸிங் டேபிள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகிற சீர். சாமான்களுக்கு நடுவே பட்டுச்சேலை கட்டிய பெண்கள் மடியில் தாம்பாளங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆலங்குடியைத் தாண்டியதும் அதன் முதுகில் வந்து ஒட்டிக்கொண்ட ஆம்னி இன்னும் முந்த முடியாமல் ஒட்டிக்கொண்டேதான் வந்தது.

“அண்ணே, டிரைவர்ட்ட சொல்லி ஒரு சைடு குடுக்கச் சொல்லுங்க... யாரு, திருப்பதியா? சரி, அந்தத் திருப்பதிட்ட சொல்லுங்க... எத்தன தடவண்ணே ஹாரன் அடிக்கிறது? ... பாட்டு ஓடுனா கேக்காதா? அப்ப பாட்ட நிப்பாட்டச் சொல்லுங்க! ... என்னது, பொறுமையா வரணுமா? எனக்குப் பொறும இருக்குண்ணே, முகூர்த்தத்துக்கு இல்லையே!”

ரஞ்சிதா கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். புதுக்கோட்டையில் ஒரு பெண், கீரமங்கலத்தில் ஒரு பெண் என்று இரண்டு பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் பெண்ணை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடிவிடலாம் என்பது கணக்கு. முதல் பெண்ணின் நாத்தனார்கள் இருவரும் தங்களுக்கும் கண்ணுக்கு மட்டும் போட்டுவிடுங்கள் என்று வந்து உட்கார்ந்ததில் அந்தக் கணக்கு குலைந்தது. கீரமங்கலத்தில் பெண்ணின் அம்மா இருளாயி அலங்கார அறைக்கு வெளியே நின்றுகொண்டு காலையிலிருந்து போன்மேல் போன் அடித்துக்கொண்டிருந்தார். பெண் முகம் கழுவி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கிறாளாம்.

“சரிங்க... சரிங்க... பாரம் ஏத்துன வண்டின்னு தெரியுதுங்க. கண்ணாடிச் சாமான் இருக்கு, பொம்பளைங்க இருக்காங்க, எல்லாந் தெரியுது. ஓரமா ஒதுங்கி ஒரு நிமிசம் நின்னா எங்கள மாதிரி நாலு வண்டி போயிரும்ல? ... மண்ணு ஓரமா? எறங்குனா சாஞ்சுருமா? ... போன மாசம் எவனோ முந்துறேன்னு ஒரசிட்டுப் போனா அதுக்கு நானாண்ணே பொறுப்பு? ... ஏங்க, வேணாம், வேணாம்! எதுக்க பஸ்ஸு! யாத்தே!”

கடைசிச் சொற்கள் போனுக்கு அல்ல. பிரவீன்குமார் பொறுக்கமாட்டாமல் ஆம்னியை வலது பக்கம் எடுத்துவிட்டான். எதிரே வளைவிலிருந்து வெளிப்பட்ட பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி வந்தது. அவன் திருப்பி ஒடித்ததில் பின்சீட்டிலிருந்த மேக்கப் பெட்டி சரிந்து, பிரஷ்கள் காலடியில் உருண்டன. ஆம்னியின் மூக்கு டிரெயிலரின் பலகையை முத்தமிடாத குறை. டிரெயிலரில் இருந்த பெண்கள் அலறியது பாட்டையும் மீறிக் கேட்டது.

டிரெயிலரின் கடைக்கோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அரக்குப் பட்டு. ஒரு காலை மடக்க முடியாதவர்போல் முன்னால் நீட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் அலறி முடித்தும் அவர் ரஞ்சிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அலறல் கேட்டுத் திரும்பிப் பார்த்த டிரைவருக்குக் கையை உயர்த்தி ஏதோ ஜாடை காட்டினார். அதுவரை இடது பக்கமாகவே போய்க்கொண்டிருந்த டிராக்டர் நிதானமாக நடுரோட்டில் ஏறியது.

“பாத்தீங்களா, பாத்தீங்களா! இப்ப வேணும்னே நடுரோட்டுல போறாரு. பின்னாடி சேர்ல ஒரு அம்மா ஒக்காந்துக்கிட்டு, வழி விடாதன்னு கையக் காட்டுது... யாரா? எனக்கு எப்படிங்க தெரியும்? அரக்குப் பட்டு. கால நீட்டிக்கிட்டு, கலெக்டர் மாதிரி ஒக்காந்திருக்கு... என்ன சிரிக்கிறீங்க? ... ஒங்க... வீட்டம்மாவா? ... ஓ... சரிங்க. நல்லதாப் போச்சு. அப்ப நீங்களே அவங்களுக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க... சொல்ல மாட்டீங்களா? ... நாங்க அடிச்ச ஹாரனுக்கு அவங்க செய்றது சரியா? அண்ணே, இது என்ன நாயம்?”

போனுக்குள் டிக் டிக் என்று இன்னொரு அழைப்பு வந்தது. திரையில் இருளாயியின் பெயர். எடுக்காவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ரஞ்சிதா டிராக்டர்காரரிடம் சொல்லாமலே லைனை மாற்றினாள்.

“அக்கா, வந்துட்டேன்க்கா, வந்துக்கிட்டே இருக்கேன்... எங்கிட்டா? இந்தா, ஆலங்குடி தாண்டியாச்சு... என்னது, சித்தி பொண்ணு மை போட்டு விடுதா? வேணாங்க்கா! அது கைய மொதல்ல பிடிங்க! மொகத்துல யாரும் ஒண்ணும் போடாதீங்க, நான் வந்துர்றேன்... ஆமாக்கா, தெரியும்க்கா... ஒரு டிராக்டர்க்கா. டிரெயிலர மாட்டிக்கிட்டு ரோட்டையே அடச்சுக்கிட்டுப் போகுது. ஓனருக்கே போன் போட்டுட்டேன். அந்த மனுசனுக்குக் கோவம் மூக்குக்கு மேல வருது, வீட்டம்மாவப் பத்திச் சொன்னா சிரிக்கிறாரு, என்ன ஜென்மமோ...”

பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். இருளாயியின் பேச்சுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சற்று முன் டிராக்டர்காரரின் போனிலும் ஒரு நாதஸ்வரம் கேட்டது. கல்யாண நாளில் எல்லா இடத்திலும் கேட்பதுதான் என்று அவள் அதைக் காதில் வாங்கியிருக்கவில்லை. இப்போது இருளாயிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆள் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“அக்கா... ஒங்க பக்கத்துல கத்துறது யாரு? ... ஒங்க அண்ணனா. ஆத்மநாதன் அண்ணனா... பொண்ணுக்குத் தாய்மாமன்... ஏன் கத்துறாரு? ... சீரு இன்னும் வரலையா... எந்த ஊருல இருந்துக்கா வருது?”

பதில் வருவதற்குள் அவள் கண் முன்னாலிருந்த பலகைக்குப் போயிருந்தது. நம்பருக்குக் கீழே, மஞ்சள் பெயிண்டில், வல்லத்திராக்கோட்டை என்று எழுதியிருந்தது. அது ஆலங்குடியிலிருந்து அவள் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.

“வல்லத்திராக்கோட்டை... ஆமா... டிராக்டர்லதான் வருதா... சரிக்கா. இல்லக்கா, ஒண்ணுமில்ல. வச்சிருங்க. அண்ணன்ட்ட நானே பேசிக்கிறேன்.”

லைனைத் திருப்பினாள்.

“அண்ணே... லைன்லதான் இருக்கேன்... கட் பண்ணலண்ணே. அண்ணே, நான் ரஞ்சிதா. மேக்கப் போடுற பொண்ணு. ஒங்க தங்கச்சி மகளுக்குத்தான் போட வந்துக்கிட்டு இருக்கேன்... ஆமாங்க... ஆமாங்க, அந்த ரஞ்சிதாவேதான்... ஒங்க சீரு வண்டின்னு எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது... தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பமா? ... இல்ல, நீங்க சொல்றது சரிதான். தெரியாத வண்டின்னா மட்டும் அடிக்கலாமான்னு கேட்டா, நான் என்ன சொல்ல...”

அவர் பேசிக்கொண்டே போனார். தாய்மாமன் சீரை நாய் விரட்டுவதுபோல் விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்ற ஆற்றாமை அவர் குரலில் இருந்தது. ரஞ்சிதா ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிரவீன்குமார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஹாரனிலிருந்து கையை எடுத்தான். வேனைக் கொஞ்சம் பின்னால் விட்டான்.

அப்படி இடைவெளி விழுந்த பிறகுதான் டிரெயிலரின் அடிப்பாகம் முழுதாகக் கண்ணில் பட்டது. அதுவரை அவள் பலகையையும் பீரோவையும் அரக்குப் பட்டையும்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். தரையில் சுழற்றிவிட்ட தட்டு அடங்கப்போகும்போது ஒரு தினுசாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுமே, இடது பக்கச் சக்கரம் அப்படி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சாய்ப்பு, வெளியே ஒரு சாய்ப்பு.

“அண்ணே, ஒரு நிமிசம்... சீரப் பத்தி அப்புறம் பேசலாம், ஒரு நிமிசம் கேளுங்க. ஒங்க டிரெயிலரோட எடது சக்கரம் ஆடுது... ஆடுதுண்ணே, கழண்டு வர்ற மாதிரி ஆடுது... ஐயோ, தந்திரமெல்லாம் இல்லண்ணே! சைடு வாங்குறதுக்காக யாராவது இப்படிப் பொய் சொல்லுவாங்களா? ... சொல்லுவாங்களா? சொல்லியிருக்காங்களா? ... நான் சொல்லலண்ணே. என் பிள்ள மேல சத்தியமா. ஏங்க, நீங்களும் பாருங்க. ஆடுதுல்ல? அவரும் பாத்துட்டாருண்ணே, ஆடுதுங்கிறாரு.”

பிரவீன்குமாரின் கை தானாகவே ஹாரனுக்குப் போனது. விட்டு விட்டு, நீட்டி நீட்டி அடித்தான். விளக்கையும் போட்டுக் காட்டினான். டிரெயிலரில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, முடிந்தால் மேலே ஏறிப் போ என்பதுபோல் வானத்தைக் காட்டினாள். அரக்குப் பட்டு அம்மா நாற்காலியை அரைவட்டமாகத் திருப்பி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு நேரம் வழிவிடு, வழிவிடு என்று மட்டுமே கத்திய ஹாரன் இப்போது வேறு சேதி சொல்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரஞ்சிதா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சக்கரம், சக்கரம் என்று கத்தினாள். ஸ்பீக்கர் பெட்டியின் பாட்டு அதை அப்படியே தின்றது.

“அவங்க நம்ப மாட்டேங்குறாங்கண்ணே. வழி கேக்குறோம்னே நெனைக்கிறாங்க... அந்தச் சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சா? ... நேத்துத்தான் பஞ்சர் ஒட்டி மாட்டுனீங்களா? ... யாரு மாட்டுனது? ... நீங்களேவா. நட்ட நல்லா முறுக்குனீங்களா? ... அண்ணே? ... அண்ணே, இருக்கீங்களா?”

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. தவில் கேட்டது. யாரோ சந்தனக் கிண்ணத்தை எங்கே வைத்தாய் என்று யாரையோ கேட்டார்கள். ஆத்மநாதனின் குரல் திரும்பி வந்தபோது அதில் பழைய கோபம் இல்லை. ரஞ்சிதா அவர் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

“கையால சுத்தி விட்டுட்டு... ஸ்பேனர அப்புறமாப் போட்டுக்கலாம்னு... பீரோ ஏத்த ஆளு வந்துட்டாங்கன்னு எந்திரிச்சுப் போனது... சரிண்ணே. சரி, அத விடுங்க. இப்ப என்ன செய்றது, அதச் சொல்லுங்க. முன்னாடி போயி மறிச்சுரட்டுமா? ... வேணாமா? ... ஆமா, சடார்னு பிரேக் போட்டா அத்தனையும் ஒரு பக்கமா வந்துரும்ல... சரிங்க, போகல. போகலண்ணே... கண்மாய்க்கரை வளைவா? ஆமா, முன்னாடி கரை தெரியுது. ஏன்? ... வலது பக்கமாத் திரும்பி ஏறுமா... பாரமெல்லாம் எடது பக்கமாச் சாயுமா... அந்தப் பக்கந்தான் தண்ணி நிக்கிதா...”

அதற்குள் பின்னாலிருந்து பைக் ஒன்று பொறுமையிழந்து இடது ஓரத்து மண்ணில் இறங்கி முன்னேறியது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரு பெண் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போகிற பாதை நேராக அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் போனது. ரஞ்சிதா கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை அகல விரித்தாள்.

“ஏ தம்பி, போகாத! அங்கிட்டுப் போகாத! சக்கரம் கழறுது! பின்னாடி வா! ... அண்ணே, ஒங்களச் சொல்லல, பைக்கு ஒண்ணு... நின்னுருச்சு, நின்னுருச்சு. அண்ணே, திருப்பதிக்குப் போடுங்க. இந்தப் போன வைக்காதீங்க, இருளாயி அக்கா போன வாங்கி அதுல போடுங்க... அடிக்கிதா? ... எடுக்கலையா. எடுக்க மாட்டாரு, அந்தப் பாட்டுல இடி விழுந்தாலும் கேக்காது. ஒங்க வீட்டம்மாவுக்குப் போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க... பையில வச்சிருப்பாங்களா? சரி. நான் எப்படியாச்சும் பாக்க வைக்கிறேன்.”

எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. கரை நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஏங்க, ஹாரன விடுங்க. சுத்தமா விடுங்க. ரெண்டு பக்க லைட்டையும் போட்டுட்டு அப்படியே மெதுவா வாங்க. பின்னாடி எவனும் முந்தாம நடுவுலயே வாங்க.”

பிரவீன்குமார் அப்படியே செய்தான். ஹாரன் நின்றது. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தது சட்டென்று ஓய்ந்ததில் என்னவோ ஏதோ என்று முதலில் கைக்குழந்தை வைத்திருந்த பெண் திரும்பினாள். அவள் ஏதோ சொல்ல, அரக்குப் பட்டு அம்மாவும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ரஞ்சிதா காத்திருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். கோயிலில்கூட அவள் அப்படிக் கும்பிட்டதில்லை.

அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. ரஞ்சிதா போனைக் காட்டினாள். பிறகு அவரைக் காட்டினாள். மறுபடி போனைக் காட்டினாள்.

“பாக்குறாங்கண்ணே... என்னையே பாக்குறாங்க. சந்தேகமாப் பாக்குறாங்க... அடிச்சுக்கிட்டே இருங்க, விட்டுறாதீங்க... அவங்க பேரு என்ன? ... கண்ணாத்தாளா. கண்ணாத்தா அக்கா, பையப் பாருங்க, பையப் பாருங்க தாயே... தாம்பாளத்தக் கீழ வைக்கிறாங்க... பையத் தொறக்குறாங்க... எடுத்துட்டாங்க! அண்ணே, எடுத்துட்டாங்க! பேசுங்க, அந்தப் போன்ல பேசுங்க!”

கண்ணாத்தாள் மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகக் குனிந்து எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் உதடுகள் இறுகியிருந்தன. அலறவில்லை. பக்கத்திலிருந்த பெண்களை வலது பக்கமாக ஒதுங்கும்படி கையால் தள்ளினார். தாம்பாளத்திலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தார். பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடையிலிருந்த சந்து வழியாகக் குறி பார்த்து வீசினார்.

“பழத்த எடுத்து டிரைவர் முதுகுலயே அடிச்சாங்கண்ணே! ... சாத்துக்குடி... பட்டுருச்சு, திரும்பிட்டாரு... மெதுவான்னு கையக் காட்டுறாங்க... ஆமா, ஆமா, மெதுவாத்தான் வருது... பாட்டு நின்னுருச்சு... ஓரமா எறக்கலண்ணே, ரோட்டுலயே நிப்பாட்டுறாரு... நின்னுருச்சு. நின்னுருச்சுண்ணே.”

கரைமேல் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புளியமரத்து நிழலில் டிராக்டர் நின்றது. ரஞ்சிதா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். சக்கரத்தில் நட்டு இருக்க வேண்டிய இடங்களில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். டிரெயிலர் இடது பக்கமாகச் சாய்ந்து ஒரு காலில் நிற்பதுபோல் நின்றது. பெண்கள் வலது பக்கமாகத் திருப்பதியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் குதிக்கக் குதிக்க வண்டி முனகியது.

“எறங்குறாங்கண்ணே... பச்சப் பட்டு எறங்கிருச்சு... ஆமா, கண்ணாடி போட்டவங்கதான்... கைக்கொழந்தக்காரப் பொண்ணா? இருங்க, இருங்க... ஒங்க மருமகளா அது? எறங்கிருச்சு. பிள்ளை எங்க வீட்டுக்காரரு கையில இருக்கு. அழுகுது, கேக்குதா? நல்லாக் கத்தி அழுகுது... மஞ்சச் சேலை ரெண்டு பேரு, எறங்கியாச்சு... அவங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க... இன்னும் எறங்கலண்ணே.”

கண்ணாத்தாள் நாற்காலியிலேயே இருந்தார். முழங்கால் மடங்காது. காலையில் ஊரில் முக்காலி போட்டு ஏற்றியிருக்கிறார்கள். முக்காலி இப்போது மெத்தைக்கு அடியில் எங்கோ கிடந்தது. திருப்பதியும் பிரவீன்குமாரும் பின்பலகையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்கள். கண்ணாத்தாள் பிரவீன்குமாரின் கையைப் பார்த்தார், ஹாரன் அடித்த கை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வர மாட்டேங்குறாங்கண்ணே! எங்க வீட்டுக்காரரு கையப் பிடிக்க மாட்டேங்குறாங்க... நீங்க சொல்லுங்க. அவங்க போன மடியில வச்சிருக்காங்க, நான் என் போன அவங்க காதுல வைக்கிறேன், சொல்லுங்க... அக்கா, பிடிங்க. ஒங்க வீட்டுக்காரருதான். பேசுங்கக்கா.”

எக்கி நின்று அவர் காதோரம் போனைப் பிடித்தாள். ஆத்மநாதன் என்ன சொன்னார் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. அதற்கும் பின்னால் யாரோ. ரஞ்சிதாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போனைப் பிடித்த கையை எடுக்காமலே திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“சார்! கொஞ்சம் பொறுங்க சார்! மனுசங்க எறங்குறாங்க, கண்ணு தெரியல?”

கார் அடங்கியது. இந்தப் பக்கம் திரும்பியபோது கண்ணாத்தாளின் இரண்டு கைகளும் பிரவீன்குமாரின் கழுத்தைச் சுற்றியிருந்தன. திருப்பதி காலைத் தாங்கிக்கொண்டான். இருவருமாக அவரை அப்படியே தூக்கி எடுத்து நாலடி பின்வாங்கினார்கள். பாரம் மாறியதோ, சக்கரத்துக்கே பொறுமை தீர்ந்ததோ, ஒரு உலோகச் சத்தம் கேட்டது. சக்கரம் வெளியே வந்து சாய, டிரெயிலரின் இடது மூலை ரோட்டில் இறங்கியது. பீரோ கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டில்மேல் விழுந்தது. போர்வைக்குள் இருந்த டிரெஸ்ஸிங் டேபிள் குப்புற வந்து, சற்று முன் கண்ணாத்தாள் உட்கார்ந்திருந்த நாற்காலியின்மேல் நொறுங்கியது.

“இல்லண்ணே! இல்லண்ணே! கண்ணாடி! கண்ணாடிதாண்ணே ஒடஞ்சது! ... அவங்க இல்ல, அவங்க கீழதான் இருக்காங்க, எறங்கிட்டாங்க... எறக்கியாச்சுண்ணே, எங்க வீட்டுக்காரரு தூக்கிட்டாரு... ஒரு கீறல் இல்ல... நாந்தான் சொல்றேன்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்... அண்ணே? ... அண்ணே, கேக்குதா? ... அண்ணே, அழுகாதீங்க.”

அவர் அழுதது மேளச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பக்கத்தில் இருளாயி என்ன, என்ன என்று பதறுவதும் கேட்டது.

“ஆமாண்ணே... ஆமாங்க... நட்டு யாரு மறந்தா என்னண்ணே, இப்ப எல்லாரும் நிக்கிறாங்கள்ல... பீரோ கெடக்குது விடுங்க. திருப்பதி காவலுக்கு நிப்பாரு. நான் எல்லாரையும் எங்க வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டு வாரேன். தட்டெல்லாம் கொண்டு வாரேன்... முகூர்த்தம் நேரமாகுதா? சீரு வராம எப்படிண்ணே தாலி ஏறும், ஐயருட்டச் சொல்லி வைங்க... பொண்ணுக்கா? நான் வந்து போட்டா அர மணி நேரத்துல முடிஞ்சுரும், இருளாயி அக்காவப் பதற வேணாம்னு சொல்லுங்க. இந்தாங்க, ஒங்க வீட்டம்மாட்டயே பேசுங்க.”

போனைக் கண்ணாத்தாளிடம் கொடுத்தாள். அவர் புளியமரத்தில் சாய்ந்து நின்று காதில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு ஈரமான திரையை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். அதில் விரல் எங்கோ பட்டு லைன் அறுந்துபோனது. அது அறுந்ததைக் கவனிக்காமலே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, பிரவீன்குமாரின் தோளில் கை போட்டு நொண்டி நொண்டி ஆம்னிக்கு நடந்தார். முன்பக்கம், ரஞ்சிதா உட்கார்ந்து வந்த இடத்தில், யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டி வசதி பண்ணிக்கொண்டார். மருமகள் கொண்டுவந்து கொடுத்த தாம்பாளத்தை மடியில் வைத்து, சரிந்திருந்த வெற்றிலைகளை ஒழுங்குபடுத்தினார். எல்லோரும் பின்னால் நெருக்கியடித்து ஏறி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு பிரவீன்குமாரைப் பார்த்து, ரோட்டை நோக்கி முகவாயை ஒருமுறை அசைத்தார்.